ஓவியருக்கு இருந்தவள்

மாஸ்ரர், நீங்கள் தெரிந்துகொண்டே பொய் சொன்னீர்கள்.

சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. போன மாதம் நீங்கள்தான் எனக்குத் தொலைபேசி எடுத்தீர்கள். ஹரோவில் நீங்கள் செயலாளராக இருந்து நடத்தும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு ஆண்டு நிறைவு வருகிறது, மலர் ஒன்று போடுகிறோம், ஆரம்பத்தில் படிப்பித்தவர்கள் எல்லாரும் எழுதுகிறார்கள் என்றீர்கள்.

"உம்மட பழைய அனுபவங்களை எழுதித் தாரும், பிள்ளை. ஆக்கள் விரும்பி வாசிப்பினம்."

"எல்லாத்தையும் எழுதலாமோ மாஸ்ரர்?"

"ஓம், ஓம். தாராளமா எழுதும்."

எழுதுகிறேன். உங்கள் மலரில் இது வராது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் உங்கள் கையில் தராமல் வேறு இடத்தில் கொடுக்கிறேன். இதை எழுத உட்கார்ந்த பிறகு மூன்று தரம் எழும்பிக் குசினிக்குப் போய் வந்துவிட்டேன். என்னால் ஒரு இடத்தில் நிலையாக இருக்க முடியாது. அப்போதும் முடியாது. அப்படிப்பட்ட என்னை அசையாமல் இருத்தியதால் வந்த கதை இது.

எண்பதுகளின் பின்பாதியில் லண்டனுக்கு வந்தேன். டூட்டிங்கில் அண்ணையும் அண்ணியும் வாடகைக்கு எடுத்த மேல்மாடியில் எனக்கு ஒரு சின்ன அறை. குரோய்டனில் குடிவரவு அலுவலகத்தின் அந்தப் பெரிய கட்டடத்துக்கு அடிக்கடி போய் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து என் இலக்கம் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். மற்ற நேரம் வேலை தேடினேன். கடைசியில் நகரின் நடுவில் இருந்த ஒரு ஓவியக் காட்சியகத்தின் தேநீர்க் கடையில் வேலை கிடைத்தது. நிலத்தடித் தளம். கோப்பை கழுவுவது, மேசை துடைப்பது, கேக் வெட்டுவது. மேலே சுவர் முழுக்கப் படங்கள் இருப்பதே முதல் மாதம் எனக்குத் தெரியாது. படிக்கட்டு ஏறி இடப்பக்கம் திரும்பினால் வெளிவாசல், வலப்பக்கம் திரும்பினால் படங்கள். நான் எப்போதும் இடப்பக்கம் திரும்பிப் பஸ்ஸுக்கு ஓடிவிடுவேன்.

சனிக்கிழமைகளில் வேலைக்குப் போகமாட்டேன். அன்று காலை டூட்டிங்கில் ரியூப் என்கிற பாதாள ரயில் ஏறி, மாறி, ஹரோவுக்குப் போவேன். லண்டனை ஒரு முனையிலிருந்து மறு முனைக்குக் குறுக்கே வெட்டுகிற பயணம். போய்ச் சேர்ந்தால் ஒரு பள்ளிக்கூடத்தின் வாடகை அறையில் சின்னப் பிள்ளைகள் காத்திருப்பார்கள். ஆனா ஆவன்னா. சம்பளம் கிடையாது. ஆனால் அந்தக் காலத்தில் எனக்கு இருந்த ஒரே நல்ல விஷயம் அந்த வகுப்புத்தான். ழகரம் வராமல் நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு நின்ற ஒரு குட்டிப் பெண், ஒரு சனிக்கிழமை திடீரென்று "வாழைப்பழம்" என்று சரியாகச் சொல்லிவிட்டுத் தானே பயந்துபோய் வாயைப் பொத்தினாள். அதற்காக இன்னும் இரண்டு ரியூப் மாறியும் போயிருப்பேன். அங்கே என்னை எல்லாரும் "ரீச்சர்" என்றார்கள். வேறெங்கும் என்னை யாரும் எதுவும் கூப்பிடவில்லை.

அந்த வருடம் காட்சியகத்தில் விக்டோரியா மகாராணி காலத்து ஓவியங்களைக் கொண்டு ஒரு பெரிய கண்காட்சி வைத்தார்கள். சனம் அலைமோதியது. எங்கள் கடையில் கேக் மத்தியானத்துக்கு முன்னமே முடிந்துவிடும். எல்லாப் படத்திலும் பெண்கள். நீளக் கழுத்து, விரித்த செம்பட்டைத் தலைமுடி, பாதி மூடிய கண். கையில் பூவோ பழமோ வாசிக்கத் தெரியாத ஏதோ வாத்தியமோ. எல்லாருக்கும் யாரோ செத்துப்போன மாதிரி ஒரு முகம். அந்தப் பெண்களெல்லாம் சலவைக்காரிகள், தொப்பிக் கடையில் நின்றவர்கள், தையல் வேலை செய்தவர்கள் என்று எங்கள் நினைவுப்பொருள் கடையில் அஞ்சலட்டை விற்ற சிநேகிதிதான் எனக்குச் சொன்னாள். அவள் தமிழ்நாட்டுக்காரி, புருஷன் இங்கே டாக்டர், பொழுது போகாமல் வேலைக்கு வந்தவள்.

"ரோட்ல போற பொண்ண பிடிச்சுட்டு வந்து ராணி வேஷம் போட்டு விட்டுருக்காங்க. நம்மூர் சினிமாக்காரங்க மாதிரிதான்" என்றாள்.

ஞாயிறு மத்தியானங்களில் கண்காட்சி மண்டபத்திலேயே பொதுமக்களுக்கு வரைதல் வகுப்பு. பழைய காலத்து உடுப்புப் போட்ட ஒரு பெண்ணை நடுவில் இருத்திவிடுவார்கள். விருப்பமானவர்கள் சுற்றிவர இருந்து கரிக்கட்டியால் கீறலாம். ஒரு ஞாயிறு அந்தப் பெண் வரவில்லை. நிகழ்ச்சிக்குப் பொறுப்பான வெள்ளைக்காரி படி இறங்கி ஓடி வந்து எங்கள் கடையைச் சுற்றிப் பார்த்தாள். மற்ற எல்லாருக்கும் உடம்பு பெரிது. அந்த உடுப்பு எனக்கு மட்டும்தான் அளவு. அவ்வளவுதான், வேறு எந்தக் காரணமும் இல்லை.

பச்சை வெல்வெட் கவுன். முதுகில் கொக்கிகள். உள்ளே வியர்வை, வேறு யாருடையதோ வாசனை. தோளில் ஒரு சால்வையைப் போட்டுவிட்டு, இது காஷ்மீர் சால்வை, உனக்குப் பொருத்தமாக இருக்கும் என்றாள். யாழ்ப்பாணத்தில் நாங்கள் காஷ்மீர்ச் சால்வை போட்டுக்கொண்டு திரிந்தவர்கள் போல. ஒரு கதிரையில் இருத்தி, கழுத்தை இடப்பக்கம் சரித்து, கையை மடியில் வைத்து, "அப்படியே" என்றாள். பிறகு எல்லாரும் கீறத் தொடங்கினார்கள்.

சும்மா இருப்பது சுலபம் என்று நினைப்பவர்கள் ஒருமுறை இருந்து பார்க்க வேண்டும். முதலில் மூக்கு அரிக்கும். பிறகு கால் விறைக்கும். கழுத்து எரியும். அதற்கு மேல் ஆட்கள் பார்க்கிற விதம். ஒரு கிழவர் கண்ணை ஒடுக்கி, பென்சிலை நீட்டி, என் தாடையை அளந்தார். என்னை ஒரு சாடியைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். எனக்கு எழும்பி ஓட வேண்டும் போல் இருந்தது. குரோய்டன் கதிரைகளை நினைத்துக்கொண்டேன். அங்கே எழும்பினால் முறை போய்விடும். அந்தப் பழக்கத்தில்தான் தாக்குப் பிடித்தேன்.

கழுத்தைச் சரித்திருந்ததால் ஒரு படம் மட்டும் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. கிணற்றுக் கட்டில் ஒரு பெண், பக்கத்தில் வெறும் குடம், வெறும் கால். அவளுடைய முகம் மற்றவர்களைப் போலத்தான், யாரோ செத்த முகம். ஆனால் அவளுடைய இடது கை கிணற்றுக் கட்டின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது. கட்டைவிரல் நுனி வெளுத்திருந்தது. இவளுக்கும் கால் விறைத்திருக்கிறது என்று நினைத்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பென்சில் கிழவர் முறைத்தார்.

இடைவேளையில் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த அட்டையைப் போய் வாசித்தேன். படத்தின் தலைப்பு, ஓவியரின் பெயர், அவருடைய பட்டங்கள், பரிசுகள். கடைசி வரியில் அவள். பெயர் இல்லை. மாடல் ஒரு சலவைக்காரி, ஓவியருடன் வாழ்ந்தவர் என்று கருதப்படுகிறது. அவ்வளவுதான். வாசித்துவிட்டுத் திரும்பப் போய் இருந்தேன்.

பிறகும் சில ஞாயிறுகள் இருந்தேன். அந்த வகுப்பை நடத்திய ஓவியர் வயதானவர், காதில் கருவி போட்டிருப்பார். விம்பிள்டனில் தன் வீட்டில் ஒரு படம் வரைகிறேன், செவ்வாயும் வியாழனும் வந்து இருக்க முடியுமா என்று கேட்டார். அந்த இரண்டு நாளும் எனக்குக் கடையில் வேலை இல்லை. அண்ணையிடம் கேட்டேன்.

"அவன்ர மனுசி வீட்டில நிக்கிறவவோ?"

"ஓம் அண்ணை. அவதான் கதவு திறக்கிறவவாம்."

"உடுப்புப் போட்டுத்தானே இருக்கிறது?"

"ஐயோ அண்ணை! கம்பளிச் சட்டை, கழுத்து வரைக்கும். இந்த வெயிலுக்கு அவிஞ்சு சாகப்போறன்."

அண்ணை சொன்னார்: "சரி, போய் இரு. உன்னைக் கீறுறதுக்கும் ஒரு விசரன் வேணுமே."

அந்த வீட்டில் நடந்தது இதுதான். நான் ஜன்னலோரம் இருப்பேன். ஓவியர் கீறுவார், தேய்ப்பார், திரும்பக் கீறுவார். அவருடைய மனைவி அதே அறையில் கம்பளி பின்னிக்கொண்டு ரேடியோவில் கிரிக்கெட் கேட்பார். விக்கெட் விழுந்தால் மூன்று பேரும் துள்ளுவோம், அதோடு என் கழுத்தின் சாய்வு மாறிவிடும், கிழவர் திட்டுவார். பிறகு தேத்தண்ணியும் இஞ்சி பிஸ்கட்டும். என் மூக்கு அவருக்குப் பிடிபடவே இல்லை. வந்தால் கழுகு மாதிரி வரும், இல்லாவிட்டால் உருளைக்கிழங்கு மாதிரி வரும். அந்தப் படம் முடியவே இல்லை. அதற்காக நான் கவலைப்படவும் இல்லை.

இப்போது வகுப்புக்கு வருகிறேன்.

வெளியூர்த் தமிழர் இதை வாசித்தால் விளங்க வேண்டும் என்பதற்காக ஒன்று சொல்கிறேன். இந்தக் கட்டுரையை நான் அச்சுத் தமிழில் எழுதுகிறேன், அதனால் "எழுத உட்கார்ந்த பிறகு" என்று மேலே போட்டிருக்கிறேன். வாயால் கதைக்கும்போது எங்கள் ஊரில் யாரும் "உட்கார்" என்று சொல்ல மாட்டார்கள். கதிரையைக் காட்டி "இருங்கோ" என்போம். எந்த ஊரில் குடியிருக்கிறாய் என்று கேட்கவும் "எங்க இருக்கிறாய்" என்றுதான் கேட்போம். ஒருத்தி ஒருவனோடு குடும்பம் நடத்தினாலும் "அவனோட இருக்கிறா" என்றுதான் சொல்வோம். எல்லாவற்றுக்கும் ஒரே சொல். சின்ன வயதிலிருந்து புழங்குவதால் எது எதுவென்று எங்களுக்குத் தானாகப் பிடிபடும். அன்று பிடிபடவில்லை.

சனிக்கிழமை வகுப்பு முடிந்து தாழ்வாரத்தில் நிற்கிறேன். தாய்மார் பிள்ளைகளுக்கு மழைச்சட்டை மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள், மாஸ்ரர், பக்கத்து மேசையில் தேத்தண்ணிப் பானையின் குழாயைத் திருகிக்கொண்டிருந்தீர்கள். ஒரு அக்கா என்னிடம் கதை கொடுத்தா.

"கிழமை நாளில என்ன செய்யிறீர், பிள்ளை? இப்பவும் அந்தத் தேத்தண்ணிக் கடையோ?"

"கடையும்தான் அக்கா. செவ்வாயும் வியாழனும் ஒரு பெயின்ரரிட்ட இருக்கிறன்."

"பெயின்ரரோ? சுவருக்கு அடிக்கிறவனோ?"

"இல்லை அக்கா, படம் கீறுறவர். வெள்ளைக்காரன். விம்பிள்டனில வீடு."

"அங்கயோ இருக்கிறீர்?"

"ஓம். அவருக்கு இருக்கிறதுக்கு ஒரு ஆள் வேணுமாம். என்னைக் கேட்டவர், நான் ஓம் எண்டிட்டன்."

"அண்ணைக்குத் தெரியுமே?"

"அண்ணைதான் சொன்னவர், போய் இரு எண்டு."

"காசு கீசு…?"

"ஓம், மணித்தியாலக் கணக்கில தருவார்."

அந்த அக்கா மகளின் காதைப் பொத்தினா. உண்மையாகவே பொத்தினா, தொப்பியை இழுத்துவிடுவது போல. மற்ற இரண்டு பேர் சப்பாத்துக் கயிற்றைக் கட்டுவதை நிறுத்திவிட்டார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இப்போது எழுதிப் பார்க்கும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் சொன்னதைச் சொன்னபடி கேட்டால் யாருக்கும் அப்படித்தான் விளங்கும்.

என் கோபம் உங்கள் மேல்தான். ஏனென்றால் நீங்கள் மட்டும்தான் என்னிடம் வந்து கேட்டீர்கள். எல்லாரும் போன பிறகு, கோப்பையோடு வந்து, "என்ன பிள்ளை, என்னவோ சொல்லிப்போட்டீராம்?" என்றீர்கள். நான் விளங்கப்படுத்தினேன். கண்காட்சி, ஞாயிறு வகுப்பு, கதிரை, கிழவர், கிழவி, கிரிக்கெட் எல்லாம் சொன்னேன். கழுத்தைச் சரித்து இருந்தும் காட்டினேன். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். தேத்தண்ணி உங்கள் சட்டையில் சிந்தியது. ஊரில் நீங்கள் பெரிய வகுப்புகளுக்குத் தமிழ் படிப்பித்தவர்.

"இரு எண்ட ஒரு சொல்லுக்கு எத்தினை பொருள் பாரும். வகுப்பில படிப்பிக்கிறதுக்கு நல்ல உதாரணம் பிள்ளை, இது."

"அவையள் பிழையா விளங்கிப்போட்டினம், மாஸ்ரர்."

"நீர் யோசியாதையும். நான் அவையளுக்கு விளங்கப்படுத்திறன்."

நான் நம்பினேன். ரியூபில் டூட்டிங் வரைக்கும் தனியாகச் சிரித்துக்கொண்டே போனேன்.

அடுத்த சனிக்கிழமை நான் போனபோது என் அறையில் வேறு ஒருத்தி நின்றா. பலகையில் என் எழுத்து அழிக்கப்பட்டு அவவின் எழுத்து இருந்தது. அந்த ழகரக் குட்டி என்னைக் கண்டு எழும்பினாள். புது ரீச்சர் "இரு" என்றா. குட்டி இருந்துவிட்டாள். செயற்குழு தீர்மானித்துவிட்டது என்று வாசலில் நின்ற ஒருவர் சொன்னார். என் முகத்தைப் பார்க்காமல் என் சப்பாத்தைப் பார்த்துச் சொன்னார்.

உங்களைத் தேடினேன். நீங்கள் அன்று வரவில்லை. டூட்டிங்குக்குத் திரும்பிவர மனம் இல்லாமல் இடையில் இறங்கி நடந்தேன். எங்கே நடந்தேன் என்று கேட்டால் தெரியாது. பின்னேரம் ஒரு தொலைபேசிப் பெட்டியில் நின்று உங்கள் வீட்டுக்கு எடுத்தேன். கதைத்தது ஒவ்வொன்றும் எனக்கு நினைவில் இருக்கிறது.

"மாஸ்ரர், நீங்கள் அவையளுக்கு என்ன சொன்னனீங்கள்?"

"நான் ஒண்டும் கூட்டிச் சொல்லேல்லை, பிள்ளை."

"என்ன சொன்னனீங்கள்?"

"நீர் சொன்னதைத்தான் சொன்னனான். பெயின்ரரிட்ட இருக்கிறன் எண்டு நீர்தானே சொன்னீர்? ஒரு எழுத்துக்கூட மாத்தேல்லை."

"உங்களுக்குத் தெரியும்தானே நான் என்ன கருத்தில சொன்னனான் எண்டு?"

"கொமிற்றியில கருத்துக் கேக்கேல்லை. என்ன சொன்னது எண்டுதான் கேட்டவை."

ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் பொய் சொல்ல முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. நான் ஏதோ கத்தினேன். நீங்கள் வைத்துவிட்டீர்கள்.

அந்த வசனம் ஹரோவிலிருந்து டூட்டிங்குக்கு என்னை விட விரைவாக வந்து சேர்ந்தது. மேல் டூட்டிங் வீதியில் மரக்கறிக் கடையில் அண்ணை முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றிருக்கிறார். கடைக்காரர் கேட்டாராம், "தங்கச்சி இப்ப உங்களோட இல்லையாமே?" அண்ணை முருங்கைக்காயை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டார்.

"அண்ணை, உங்களுக்குத் தெரியும்தானே. சொல்லியிருக்கலாமே."

"என்னெண்டு சொல்லுறது? கடையில நிண்டு, இல்லை, அவ கதிரையிலதான் இருக்கிறா, ஆளோட இல்லை எண்டு பாட்டுப் படிக்கிறதோ?"

"ஓம், படிச்சிருக்கலாம்."

அண்ணி குசினிக்குள்ளிருந்து சொன்னா: "குந்துறன் எண்டாவது சொல்லியிருக்கலாம். இருக்கிறன் எண்டு ஏன் சொன்னனீ?"

அண்ணை கெட்டவர் இல்லை. ஆனால் உண்மை தெரிந்த அவரே அன்றிலிருந்து ஆட்கள் முன்னால் என்னோடு கதைப்பதைக் குறைத்துவிட்டார். கோயிலில் இரண்டு தூண் தள்ளி நிற்பார். அதை என்னால் தாங்க முடியவில்லை. குரோய்டனில் ஒரு அறை எடுத்துக்கொண்டு போனேன். பிறகு வேறு அறை, வேறு அறை. எந்த அறையிலும் ஒரு குளிர்காலத்துக்கு மேல் நிற்கவில்லை. தனியாகப் போனதும் சனத்துக்கு இன்னும் வசதியாகிவிட்டது. பார்த்தீர்களா, சொன்னது சரிதானே என்றார்கள்.

அஞ்சலட்டை விற்ற சிநேகிதிக்குச் சொன்னபோது அவள் கண்ணீர் வரச் சிரித்தாள்.

"ஏய், 'உக்காந்திருக்கேன்'னு சொல்லியிருந்தா இந்தக் கூத்தே வந்திருக்காதேடி! உங்க ஊர்ல அந்த வார்த்தையே இல்லையா?"

"இல்லை."

"அப்ப நிக்கிறேன்னு சொல்லிருக்கலாம்."

"நிக்கிறன் எண்டாலும் அதேதான். 'அவரிட்ட நிக்கிறன்' எண்டால் அங்க தங்கி நிக்கிறதெண்டும் அர்த்தம்."

"கடவுளே. உங்களுக்கெல்லாம் படுத்தாதான் தனி வார்த்தையா?" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டாள். பிறகு எனக்குத் தன் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து பாதி எலுமிச்சம் சாதம் தந்தாள்.

கண்காட்சி முடிகிற கிழமை அது. படிக்கட்டு ஏறி முதல் முறையாக நானாகவே வலப்பக்கம் திரும்பினேன். கிணற்றுக் கட்டுப் பெண்ணின் அட்டை முன்னால் போய் நின்றேன். ஓவியருடன் வாழ்ந்தவர் என்று கருதப்படுகிறது. யார் கருதினார்கள்? அவளுடைய தெருவில் எந்த மரக்கறிக் கடையில் யார் யாரிடம் சொன்னது? அவள் கிணற்றுக் கட்டில் இருந்ததற்கு என் முன்னால் சாட்சி இருக்கிறது. கட்டைவிரல் வெளுத்திருக்கிறது. மற்றதற்கு என்ன சாட்சி? அந்த மண்டபம் முழுவதும் சுற்றி ஒவ்வொரு அட்டையாக வாசித்தேன். ஓவியர் என்ன படித்தார், யாரோடு சண்டை பிடித்தார், எந்த நாட்டுக்குப் போனார். பெண் என்றால் யாரோடு இருந்தாள். அது மட்டும்தான். சிலது உண்மையாக இருக்கலாம். எது என்று எப்படித் தெரியும்? பக்கத்தில் ஒரு குடும்பம் அந்த வரியை வாசித்து, படத்தைத் திரும்பப் பார்த்து, ஒரு மாதிரிச் சிரித்துவிட்டுப் போனது. அட்டையை வாசித்த பிறகு அவர்கள் அவளுடைய கையைப் பார்க்கவில்லை. எனக்கு அட்டையைக் கிழிக்க வேண்டும் போல் இருந்தது. காவலர் அருகில் வந்து நின்றார். இறங்கிப் போய்க் கோப்பை கழுவினேன்.

விம்பிள்டனுக்கும் பிறகு போகவில்லை. போனால் சனத்தின் கதை சரியாகிவிடும் என்று ஒரு பயம். போகாமல் விட்டதும் அதே கதையாக வந்தது. விட்டுட்டானாம் என்றார்கள்.

தொண்ணூறுகளில் எனக்கு வேறு வேலை, வேறு வாழ்க்கை. அதை இங்கே எழுதத் தேவையில்லை. ஆனால் அந்த வசனம் என் கூடவே வந்தது. ஒரு கலியாண வீட்டில் நான் பந்தியில் இருந்தபோது பின்னால் ஒரு குரல் கேட்டது: "உவதான் முந்தி வெள்ளைக்காரனோட இருந்தவ." என் தட்டில் அப்பளம் இருந்தது. நான் அதை நொறுக்கினேன். சத்தம் வரட்டும் என்று நொறுக்கினேன்.

அண்மையில் இன்னொரு காட்சியகத்தில் அதே காலத்து ஓவியங்களை வைத்தார்கள். இந்த முறை ஓவியர்களைப் பற்றியது இல்லை, மாடலாக இருந்த பெண்களைப் பற்றியது என்று ரியூப் சுவரில் விளம்பரம் ஒட்டியிருந்தது. வேலையிலிருந்து நேரே போனேன். என் கிணற்றுக் கட்டுப் பெண் மூன்றாவது அறையில் இருந்தாள். அட்டை புதிது. அவளுக்கு இப்போது பெயர் இருந்தது. பிறந்த ஊர், தாயின் தொழில், எத்தனை ஓவியர்களுக்கு இருந்தாள், பிறகு சொந்தமாகச் சலவைக் கடை நடத்தினாள் என்று எல்லாம் இருந்தது. அந்த வரி இல்லை.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். இன்னும் கோபம் வந்தது. அங்கே நின்ற காவலரிடம் கேட்டேன், முன்பு இதில் ஒரு வரி இருந்தது, அது எங்கே என்று. அவர் அன்பாகத்தான் சொன்னார், புதிதாக எழுதியிருக்கிறார்கள், அம்மா, பழையது எனக்குத் தெரியாது. முந்திப் போட்டது பிழை என்று எங்கேயாவது போட்டிருக்கிறார்களா என்று கேட்டேன். அவர் தோளைக் குலுக்கினார். அந்த வரியை வாசித்துச் சிரித்துவிட்டுப் போன குடும்பம் இந்தக் கண்காட்சிக்கு வந்திருக்காது. அவர்கள் தலையில் அவள் இன்னும் அவனோடுதான் இருக்கிறாள். எழுதினவர் யார், எதை வைத்து எழுதினார், ஏன் எடுத்தார், ஒன்றும் இல்லை. அழித்துவிட்டால் சரி.

இரண்டு கிழமை கழித்து உங்கள் தொலைபேசி வந்தது, மாஸ்ரர். மலருக்குக் கட்டுரை கேட்டு. எல்லாம் எழுதலாமோ என்று நான் கேட்டதையும் நீங்கள் தாராளமாக என்றதையும் மேலே எழுதியிருக்கிறேன். அதற்குப் பிறகு நடந்ததை எழுதவில்லை. இதுதான் அது.

"அப்ப நான் பெயின்ரருக்கு இருந்த கதையையும் எழுதிறன்."



"உதெல்லாம் இப்ப ஏன், பிள்ளை? அதெல்லாம் ஆரும் இப்ப கதைக்கிறேல்லை. ஆரம்ப ஆசிரியர்கள் பட்டியலில உம்மட பேரையும் போட்டிருக்கிறம்."

"நான் ஏன் விட்டுட்டுப் போனனான் எண்டு போட்டிருக்கிறியளோ?"

"சொந்தக் காரணங்களால் விலகினார் எண்டு போடுவம்."

சொந்தக் காரணம். நீங்கள் நல்லவராகிவிட்டீர்கள், நான் ஆரம்ப ஆசிரியர் ஆகிவிட்டேன், அந்த வசனம் எங்கேயோ காற்றில் போய்விட்டது என்பதாக. போகவில்லை. போன மாதம்கூட அண்ணையின் மகள் என்னிடம் இங்கிலீஷில் கேட்டாள், மாமி, நீங்கள் முன்பு ஒரு ஆர்ட்டிஸ்டோடு வாழ்ந்தீர்களாமே, கூல் என்று. அவளுக்கு அது பெருமை. இங்கிலீஷில் அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் கிடையாது. மொழி மாறும்போது சந்தேகம் உதிர்ந்துவிட்டது, பொய் மட்டும் தங்கிவிட்டது. என் மருமகளின் வாயில் நான் இப்போது உறுதியாக வாழ்ந்துவிட்டேன்.

ஏன் சொன்னீர்கள் என்று பல வருடம் யோசித்தேன். எனக்குப் பதிலாக வந்தவ உங்கள் மனைவியின் சொந்தம் என்று சொன்னார்கள். அதுதான் காரணமோ தெரியாது. தெரியாததை நான் எழுத மாட்டேன். ஒருவேளை காரணமே இல்லாமல், கூட்டத்தில் எல்லாரும் உங்களைப் பார்த்தபோது சிரிப்பு வருகிற ஒன்றைச் சொல்ல ஆசை வந்திருக்கலாம். அதையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள், எனக்கு இரண்டும் ஒன்றுதான். மலரில் மன்னிப்பு என்று மூலையில் சின்ன எழுத்தில் ஒரு பெட்டி போட வேண்டாம். தொலைபேசியும் எடுக்க வேண்டாம். ஆண்டு விழாவுக்கு மண்டபம் எடுத்திருக்கிறீர்கள். அன்று தாழ்வாரத்தில் நின்ற அக்காமார் வருவார்கள். என் சப்பாத்தைப் பார்த்துக் கதைத்தவர் வருவார். அண்ணைக்கும் அழைப்பு அனுப்பியிருக்கிறீர்கள். வரவேற்புரை நீங்கள்தான். அப்போது, ஒலிவாங்கி முன்னால், அவர்கள் எல்லாரும் இருக்கும்போது, எனக்கு ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். "பெயின்ரரிட்ட இருக்கிறன்" என்று நான் சொன்னதைச் செயற்குழுவுக்கு நீங்கள் சொன்ன நேரம், நான் கதிரையில் இருந்ததைத்தான் சொன்னேன் என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியும் என்றால், ஏன் சொன்னீர்கள்?

எல்லாருக்கும் கேட்கச் சொல்லுங்கள், மாஸ்ரர்.